மாணவர் அணிக்குப் புரோட்டோடைப் நிதி, பி.காம். மாணவர்களுக்கு அப்ரண்டிஸ்ஷிப்: விருதுநகர் பக்கக் கல்லூரி எந்த வரிசையில் போகவேண்டும்?

கேள்வி: இடிசெல்_அருப்புக்கோட்டை

வணக்கம். ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பொறியியல் கல்லூரிக்கும் கலை அறிவியல் கல்லூரிக்கும் சேர்த்துத் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, மூன்றாம் ஆண்டு இசிஇ மாணவர்கள் நான்கு பேர் காய்ந்த மிளகாயின் ஈரப்பதம் அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே மிளகாயைப் போட்டுக் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குதிறன்) பார்க்கும் முறை. நிரல் திருவிழா என்ற மாநில அரசின் மாணவர் புத்தாக்கப் போட்டியில் கிடைத்த 10,000 ரூபாயில் முதல் மாடல் முடிந்தது. அடுத்த கட்டத்துக்குப் பணம் வேண்டும். உடனே பிரைவேட் லிமிடெட் பதிவு செய்து டான்சீட் என்ற மாநில அரசுத் தொடக்க நிதிக்குப் போடலாம் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். சரியா?

இரண்டாவது, பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களைச் சிவகாசி அச்சகங்களுக்கும் இங்குள்ள ஸ்பின்னிங் மில்களுக்கும் பயிற்சிக்கு அனுப்புகிறோம். ஒரு மாதம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஒரு சான்றிதழோடு வருகிறார்கள், கையில் ஒரு ரூபாய் கிடையாது. ஸ்டைபெண்டோடு, கிரெடிட்டோடு ஆறு மாதம் அனுப்ப வழி இருக்கிறதா? மில் முதலாளிகள் முதலில் கேட்பது "எங்களுக்கு என்ன செலவு ஆகும்?" என்பதுதான்.

பதில் 1: இன்குபேட்டர்_கொங்கு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கம்பெனி இப்போது வேண்டாம். அதன் சட்டக் காரணங்களை ஆடிட்டர் யாராவது விளக்கட்டும். நிதி வரிசையை நான் சொல்கிறேன்.

ஒவ்வொரு திட்டமும் ஒரு கட்டத்துக்கு மட்டும்தான் பணம் தரும். கட்டம் மாறிப் போட்டால் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். உங்கள் அணி இருப்பது "வேலை செய்கிறது என்று மேசை மேல் காட்டிவிட்டோம், களத்தில் இன்னும் நிரூபிக்கவில்லை" என்ற கட்டம். இதற்குப் பொருத்தமானவை இரண்டு.

ஒன்று, சென்னை இடிஐஐ (தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம்) நடத்தும் புத்தாக்க வவுச்சர் திட்டம், மாநில அரசுடையது. இதில் வவுச்சர் ஏ 2 லட்சம் வரை, வவுச்சர் பி 5 லட்சம் வரை. நீங்கள் போடவேண்டியது ஏ. பி என்பது அடுத்த படி, சந்தைக்குக் கொண்டுபோகும் நிலையில் இருப்பவர்களுக்கு.

இரண்டு, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் "நிதி பிரயாஸ்" (NIDHI-PRAYAS) திட்டம். 10 லட்சம் வரை, புரோட்டோடைப் செய்ய மட்டும், பங்கு எதுவும் எடுக்கமாட்டார்கள். தனிநபராகவே போடலாம். வெறும் சாஃப்ட்வேர், ஆப் என்றால் கிடையாது. கையில் பிடிக்கும் பொருளாக இருக்கவேண்டும். உங்கள் கருவிக்கு அந்தத் தடை இல்லை. டெல்லிக்கு நேரடியாக விண்ணப்பம் அனுப்பும் திட்டம் இல்லை இது. பிரயாஸ் மையமாக அங்கீகாரம் பெற்ற இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) அழைப்பு விடும்போது அங்கே போடவேண்டும். கோவை பி.எஸ்.ஜி. ஸ்டெப், பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி டிபிஐ, வேலூர் வி.ஐ.டி. டிபிஐ போன்ற இடங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். படிக்கும் மாணவர் என்றால் கல்லூரியின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். கடைசி நாளில் முதல்வர் ஊரில் இல்லை என்று தவிக்காமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வையுங்கள்.

டான்சீட் இதற்கு அப்புறம். அது மாநில அரசின் ஸ்டார்ட்அப் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தரும் தொடக்க நிதி: பொதுவாக 10 லட்சம், பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறத் தொழில் என்றால் 15 லட்சம் வரை. பதிலுக்கு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே உட்காரும் குழு "யார் வாங்குகிறார்கள், எத்தனை பேரிடம் கொடுத்துப் பார்த்தீர்கள்?" என்றுதான் ஆரம்பிக்கும். மேசை மாடலோடு போனால் பதில் இருக்காது. ஆனால் மதுரையில் ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருக்கிறது. இப்போதே போய் அறிமுகம் செய்துகொள்வதில் தப்பில்லை.

பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் விண்ணப்பங்களில் லேப்டாப், பயணம், "இதர செலவு" மூன்றும்தான் பாதிப் பணத்தைத் தின்கின்றன. குழு முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான். வவுச்சர் ஏ-க்கு நான் என்றால் இப்படிப் போடுவேன்: பிசிபி (மின்சுற்றுப் பலகை) மூன்று சுற்று, ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுச் சில்லு, சென்சார், லோட்செல் (எடை உணரி) எல்லாம் சேர்த்து 45,000, வெளிக்கூடு, தகடு, அச்சு வேலை 35,000, மிளகாய் மாதிரி சேகரிப்பு, ஆய்வகச் சோதனை 70,000, ஐந்து கருவிகளை மண்டியிலும் களத்திலும் கொடுத்துப் பார்க்க 30,000, தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பமும் அதை எழுதுபவர் கட்டணமும் 20,000. சோதனைக்குத்தான் அதிகத் தொகை என்பதைக் கவனியுங்கள். அளக்கும் கருவிக்கு உயிரே அதுதான். பெரும்பாலான அணிகள் அந்த வரியில் 5,000 எழுதிவிட்டு வந்து நிற்கின்றன.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் இரண்டாவது வராது. மத்திய அரசுப் பணம் என்றால் படிவம் 12-ஏ. அந்தப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியும் அரசுக்குத் திரும்பவேண்டும், செலவு செய்யக்கூடாது. இதைக் கல்லூரிக் கணக்கர்களே பல பேர் கவனிப்பதில்லை. தனி சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். கல்லூரியின் பொதுக் கணக்கில் கலந்தால் வட்டியைப் பிரித்துக் காட்டுவதற்குள் விடிந்துவிடும். பில் எல்லாம் திட்டக் கணக்கின் பெயரில் வரவேண்டும். மாணவர் தன் பெயரில் ஆன்லைனில் வாங்கிய சென்சார் பில்லை ஆடிட்டர் தள்ளுவார், தள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று, இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும்: அடுத்த கண்காட்சிக்குப் போவதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மின்வழியில் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் 1,600 ரூபாய்தான். போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போடவேண்டும். கல்லூரி யூடியூப் சேனலில் உள்ளே திறந்து காட்டி வீடியோ போட்டுவிட்டால், அதுவே புதுமை இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிடும். கண்காட்சியில் வைத்ததற்குச் சட்டத்தில் சலுகை உண்டு, ஆனால் அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும். கல்லூரித் தொழில்நுட்பத் திருவிழா அதில் வராது.

பதில் 2: கணக்கர்_மதுரை

கம்பெனி ஏன் இப்போது வேண்டாம் என்பதற்குச் செலவைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் விதியைப் பாருங்கள். கருத்து நிரூபணம், புரோட்டோடைப், சோதனை ஆகியவற்றுக்கு 20 லட்சம் வரை மானியம், இன்குபேட்டர் வழியாக. ஆனால் விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு ஆண்டைத் தாண்டியிருக்கக்கூடாது. மூன்றாம் ஆண்டில் உற்சாகத்தில் பதிவு செய்கிறார்கள். இறுதி ஆண்டு பிராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ என்று ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். கருவி தயாராகும்போது தகுதி போய்விடும். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது பதிவுச் சான்றிதழில் இருக்கும் தேதியிலிருந்து. வேலை தொடங்கிய தேதியை யாரும் கேட்பதில்லை. அந்த ஃபண்டில் ஒவ்வொரு இன்குபேட்டருக்கும் தனித்தனியாகத்தான் தொகை ஒதுக்குவார்கள் என்பதால், எங்கே மீதி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

பதிவுக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. 15 லட்சம் வரை அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துக்கு அமைச்சகம் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை. டிஜிட்டல் கையெழுத்து, முத்திரைத் தீர்வை, தொழில்முறைக் கட்டணம், அவ்வளவுதான். கழுத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகு வருபவை. 30 நாளுக்குள் ஆடிட்டர் நியமனம். 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவம். அதற்கு முன் பங்குப் பணம் உண்மையிலேயே கம்பெனி வங்கிக் கணக்கில் விழுந்திருக்கவேண்டும். நான்கு மாணவர்களும் ஆளுக்கு 2,500 போடுவதாகக் கையெழுத்து போட்டுவிட்டுப் போடாமல் விடுவதுதான் அடிக்கடி நடப்பது. அந்தப் படிவம் தவறினால் கம்பெனிக்கு 50,000 அபராதம், இயக்குநர்களுக்கு நாள் கணக்கில் தனியாக. ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து ஏஓசி-4 (கணக்கு), எம்ஜிடி-7ஏ (ஆண்டறிக்கை) படிவங்களைப் போடவேண்டும். தாமதத்துக்கு ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய். தேர்வு நேரத்தில் மூன்று மாதம் மறந்தால் இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 18,000.

எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) போட்டால் சுமை குறையும். விற்பனை 40 லட்சமோ முதலீடு 25 லட்சமோ தாண்டாதவரை தணிக்கை கட்டாயம் இல்லை. ஆனால் அதில் பங்குகள் கிடையாது. பங்கு எடுக்கும் டான்சீட் மாதிரித் திட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிறகு மாற்றவேண்டி வரும். ஒருவர் மட்டுமே உரிமையாளராக இருக்கும் நிறுவனமாக உத்யம் (சிறுதொழில்) பதிவு மட்டும் வைத்திருந்தால், டிபிஐஐடி என்ற மத்தியத் துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது.

என் கருத்து: பிரயாஸோ வவுச்சரோ தனிநபர் பெயரில் முடியட்டும், முதல் ஐந்து கருவிகள் களத்தில் ஓடட்டும், அப்புறம் பிரைவேட் லிமிடெட். அதுவரை நான்கு பேருக்குள் ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: யாருக்கு எத்தனை பங்கு, வேலை கிடைத்துப் போகிறவர் பங்கு என்ன ஆகும், காப்புரிமை யார் பெயரில். இதை எழுதாமல் விட்டு, வெளியூர் வேலைக்குப் போனவர் கையெழுத்து போட மறுத்து முதலீடு நின்றுபோன அணிகள் உண்டு.

கல்லூரி நிர்வாகத்திடமும் இப்போதே பேசிவிடுங்கள். 2019 தேசியப் புத்தாக்க மற்றும் ஸ்டார்ட்அப் கொள்கைப்படி இடம், கருவி, வழிகாட்டல் கொடுக்கும் கல்லூரி 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு கேட்கலாம். 9.5-ஐத் தாண்டவேண்டாம் என்று வைத்ததே கம்பெனியின் சட்டப் பொறுப்பு கல்லூரி மேல் விழாமல் இருக்கத்தான். அதே கொள்கை மாணவருக்கும் சிலவற்றைத் தருகிறது: ஸ்டார்ட்அப் வேலையை மினி பிராஜெக்ட், இறுதி பிராஜெக்டுக்குப் பதிலாக ஏற்கலாம், வருகைப்பதிவில் தளர்வு தரலாம், இன்குபேஷன் மையத்தின் முகவரியிலேயே பதிவு செய்யலாம். ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 1 சதவீதம் இதற்கென ஒதுக்கவேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் கல்லூரி ஆட்சிக்குழு இந்தக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தீர்மானம் இல்லாமல் துறைத்தலைவரிடம் வருகைப்பதிவு கேட்டு நின்றால் அவரால் எதுவும் செய்யமுடியாது.

பதில் 3: இடிசெல்_அருப்புக்கோட்டை

இரண்டு பேருக்கும் நன்றி சார். பதிவைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். தீர்மானம் போட்டதாக ஃபைலில் இல்லை, அடுத்த ஆட்சிக்குழுவில் வைக்கிறோம். கருவியின் சோதனை வரியில் 70,000 என்றதும் மாணவர்கள் திகைத்துவிட்டார்கள். ஹாட் ஏர் ஓவன் எங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது, அதில் காயவைத்து எடை பார்த்தால் போதாதா என்கிறார்கள். பயிற்சி பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 4: எச்ஆர்_அப்ரண்டிஸ்

பயிற்சி பற்றி. "இன்டர்ன்ஷிப்" என்று கேட்டுப் போகாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மில்லுக்கு எந்தச் சட்டக் கடமையும் கிடையாது, அரசுப் பணமும் கிடையாது. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நாட்ஸ் (தேசிய அப்ரண்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டம், NATS) வழியாகப் போங்கள். தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம்தான் நமக்கு.

முதலாளியின் கேள்விக்கு நேரடிக் கணக்கு இது. 2019 விதித் திருத்தப்படி பட்டப்படிப்பு அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் மாதம் 9,000, டிப்ளமாவுக்கு 8,000. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு தரும். அதாவது ஒரு பி.காம். மாணவருக்கு மில்லின் கையிலிருந்து 4,500. தொகை திருத்தப்படக்கூடியது, ஒப்பந்தம் போடும் நாளில் நாட்ஸ் தளம் காட்டுவதுதான் கணக்கு. பிஎஃப், இஎஸ்ஐ இவர்களுக்குப் பிடிக்கவேண்டியதில்லை. ஆனால் வேலையிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து 30 பேர் இருந்தால் அந்த நிறுவனம் மொத்தத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆகவேண்டும். 40 பேர் மில் என்றால் ஒருவர் கட்டாயம், ஆறு பேர் வரை வைக்கலாம். ஆறு பேருக்கு மில் செலவு மாதம் 27,000. 4 முதல் 29 பேர் இருக்கும் இடத்துக்கு விருப்பம்தான், கட்டாயம் இல்லை. சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகங்கள் பலவும் இந்த வகை. அவர்களிடம் சட்டம் பேசினால் கதவு மூடும், பாதி ஸ்டைபெண்ட் கணக்கைக் காட்டினால் உட்காரச் சொல்வார்கள். பட்டாசு ஆலை பற்றிக் கேட்டால், கணக்கு, விற்பனை, லேபிள் அச்சுப் பிரிவு தவிர வேறு எங்கும் மாணவரை நிறுத்தாதீர்கள். மருந்து கலக்கும் கொட்டகைப் பக்கமே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் வேலையிடத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

பொதுவாக நடக்கும் குழப்பம்: மில் ஏற்கெனவே ஐடிஐ பையன்களுக்காக நாப்ஸ் (NAPS) என்ற வேறொரு அப்ரண்டிஸ் திட்டத்தின் தளத்தில் பதிவு செய்திருக்கும். உங்கள் பி.காம். மாணவரையும் அதிலேயே ஏற்றிவிடுவார்கள். அங்கே அரசுப் பங்கு 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய்தான். பட்டதாரிக்கு நாட்ஸில் வரவேண்டிய 4,500 போய்விடும். தளம் வேறு, வாரியம் வேறு என்று எச்ஆருக்கு முதலிலேயே எழுத்தில் கொடுங்கள்.

அரசுப் பங்கு இப்போது நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் "மாரியம்மாள் எஸ்", ஆதாரில் "மாரியம்மாள் சுப்பையா", பாஸ்புக்கில் "எஸ் மாரியம்மாள்". மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். மாணவர் பதிவு செய்வதற்கு முன் ஆதாரில் இருக்கும் எழுத்து வரிசையிலேயே வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். கணக்கோடு ஆதாரை இணைத்தால் மட்டும் போதாது. அரசு மானியம் வாங்கும் கணக்காக அந்த வங்கிக் கிளை அதை ஆதார் எண்ணோடு பொருத்திப் பதிந்திருக்கவேண்டும். வீட்டில் யாரோ திறந்துவைத்த பழைய கணக்குக்குப் பணம் போய்விட்டு, "வரவே இல்லை" என்று புகார் வருவது வழக்கம்.

மில் தன் பங்கை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகக் கொடுக்கவேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் தளத்தில் காட்ட ஆதாரம் இருக்காது. ஒப்பந்தம் தளத்தில் ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலை. முன்தேதி போடமுடியாது.

இப்போது கிரெடிட். படித்து முடித்தவரை அனுப்புவது வேறு, படிக்கும்போதே அனுப்புவது வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவது. அதற்கு யுஜிசியின் அப்ரண்டிஸ்ஷிப் இணைந்த பட்டப்படிப்பு நெறிமுறை இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பில் குறைந்தது ஒரு செமஸ்டர், அதிகபட்சம் மூன்று. மூன்று மாதத்துக்கு 10 கிரெடிட், ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட் என்பது அளவு. ஆறு மாதம் என்றால் 20 கிரெடிட். அந்த 20 கிரெடிட்டுக்கு உரிய தாள்களைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் இதை வைக்கமுடியும். மேலே சுமத்தினால் மாணவர் மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு ஐந்து தாள் எழுதவேண்டியிருக்கும். உங்கள் கல்லூரி தன்னாட்சி இல்லை என்றால் பாடத்திட்ட மாற்றம் பல்கலைக்கழகப் பாடவாரியம், கல்விப்பேரவை இரண்டையும் கடக்கவேண்டும். ஆகவே இந்த ஆண்டு பேசினால் அடுத்த ஆண்டு சேர்க்கைக்குத்தான் நடக்கும். முதல் ஆண்டிலேயே மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லிச் சேர்க்கவேண்டும், ஐந்தாம் செமஸ்டரில் திடீரென்று மாற்றக்கூடாது.

அதுவரை காத்திருக்கவேண்டாம். இந்த ஆண்டு முடிக்கும் மாணவர்களைப் பட்டதாரி அப்ரண்டிஸாக ஓராண்டு ஒப்பந்தத்தில் அனுப்புங்கள், அதற்குப் பாடத்திட்ட மாற்றம் எதுவும் தேவையில்லை. இரண்டு மில், இரண்டு அச்சகம் ஒரு சுற்று பார்த்துவிட்டால், படிக்கும் மாணவருக்கான ஒப்பந்தம் பேசப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். "சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்" என்பதற்கு மருந்து மாதவாரி வேலைப் பட்டியல்தான். ஸ்பின்னிங் மில்லில் பி.காம். மாணவருக்கு முதல் மாதம் பருத்தி வரவுப் பதிவு, எடைச்சீட்டு, லாட் எண். இரண்டாம் மாதம் ஜிஎஸ்டி பில், இ-வே பில். மூன்றாம் மாதம் கழிவுப் பஞ்சுக் கணக்கு என்று எழுதி மில் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு வையுங்கள். மதிப்பெண்ணும் அந்தப் பட்டியலை வைத்தே போடலாம்.

பதில் 5: மசாலா_ஆய்வகம்

ஓவன் கேள்விக்குப் பதில்: மிளகாய்க்கு ஓவன் போதாது, குழு கேட்டால் அங்கேயே சிக்குவார்கள். காயவைக்கும்போது நீரோடு ஆவியாகும் எண்ணெயும் போகிறது, எடை இழப்பு முழுவதையும் ஈரம் என்று எண்ணிவிடுவீர்கள். மசாலாப் பொருளுக்கு ஒப்பீட்டு முறை டொலுயீன் வடித்தல். இந்தியத் தரநிலை ஐஎஸ் 1797-இல் இருக்கிறது, பிரிந்து வரும் நீரை மட்டும் அளவுக் குழாயில் படிப்பார்கள். அதை என்ஏபிஎல் (தேசியச் சோதனைக்கூட அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் செய்து, அதே மாதிரியைக் கருவியில் அளந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிடும் வரைகோடு போடவேண்டும். அந்த 70,000 இதற்குத்தான். ஓவனை மாதிரிகளை வெவ்வேறு ஈரத்துக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்துங்கள்.

மாதிரி எடுக்கும்போது 11 சதவீதத்தைச் சுற்றி நெருக்கமாக எடுங்கள், 8 முதல் 15 வரை போதும். முழு மிளகாய்க்கு உணவுப் பாதுகாப்பு விதியின் உச்சவரம்பு 11. வியாபாரியும் விவசாயியும் சண்டை போடுவது அந்த இடத்தில்தான். 30 சதவீத ஈரத்தில் கருவி சரியாகக் காட்டி யாருக்கும் பயனில்லை.

இன்னொரு குறை இப்போதே தெரிகிறது. முழு மிளகாயைத் தகடுகளுக்கு நடுவே போட்டால் உள்ளே காற்றுதான் அதிகம். குண்டு மிளகாயும் சம்பா மிளகாயும் வேறு மாதிரி அடங்கும், ஒரே ஈரத்துக்கு இரண்டு எண் வரும். அடியில் லோட்செல் வைத்து எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், வெப்பநிலைக்கும் ஒரு சென்சார் வையுங்கள். வகைக்கு ஒரு வரைகோடு தனியாக வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் களத்துக்குக் கொடுத்தால் முதல் நாளே மண்டியில் நம்பிக்கை போய்விடும், திரும்ப வாங்குவது கஷ்டம்.

விற்பனை நிலைக்கு வரும்போது 2009 சட்டமுறை எடையளவுச் சட்டத்தையும் பாருங்கள். விவசாயி தானே சரிபார்க்க வைத்துக்கொள்ளும் கருவி வேறு, மண்டியில் விலையைக் குறைக்க ஆதாரமாகக் காட்டும் கருவி வேறு. இரண்டாவதற்குக் கருவி மாடலுக்கு அரசு ஒப்புதல், முத்திரை எல்லாம் வரும், அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். விண்ணப்பத்தில் "முதல் கட்டத்தில் விவசாயியின் களத்துக்கு மட்டும்" என்று எழுதிவிட்டால் குழுவுக்கும் தெளிவு, மாணவர்களுக்கும் எல்லை தெரியும்.